70/900-ஆ, 80/400-ஆ, 102-ஆ, ஈ.டி.யா? சின்ன ரிஃப்ராக்டர் டெலஸ்கோப்களில் எதை எடுப்பது

முதல் டெலஸ்கோப் வாங்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் எண்களோடுதான் வரும். "70/900 எடுக்கவா, 80/400 எடுக்கவா? 80 பெரிசுதானே, அதையே எடுத்துடலாமா?" இதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர் வருவார்: "102 ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். இன்னும் கொஞ்சம் சேர்த்தால் சின்ன ஈ.டி. குழல் கிடைக்குமாமே, காத்திருக்கலாமா?" இவை எல்லாமே ரிஃப்ராக்டர், அதாவது முகப்பில் லென்ஸ் வைத்த டெலஸ்கோப்; ஈ.டி. என்பது அதிலேயே நிறம் சிதறாத கண்ணாடி போட்ட வகை. ஒரே வரியில் பதில் சொல்லிவிட முடியாது. ஆனால் எதை வைத்து ஒப்பிடுவது என்று தெரிந்துவிட்டால் முடிவுக்கு வர ஒரு மாலைப் பொழுது போதும்.

என் முதல் டெலஸ்கோப் 60/700. பெட்டியின் மேல் '525 மடங்கு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கணக்கு என்னவோ சரிதான். 700 மி.மீ. குவியத் தூரத்தை (லென்ஸிலிருந்து ஒளி குவியும் இடம்வரை உள்ள தூரம்) கூடவே வந்த 4 மி.மீ. ஐபீஸால் (கண்ணை வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ்) வகுத்தால் 175. அதை 3 மடங்கு பார்லோ லென்ஸால் (உருப்பெருக்கத்தைக் கூட்டும் துணை லென்ஸ்) பெருக்கினால் 525. ஆனால் 60 மி.மீ. லென்ஸ் தாங்குவது நல்ல வானத்திலேயே 120 மடங்கு வரைதான். அதற்கு மேல் போனால் படம் பெரிதாகும், விவரம் கூடாது. மங்கலும் இருட்டும்தான் கூடும்.

முதல் இரவு வியாழனைப் பிடித்து ஃபோகஸ் திருகைத் தொட்டேன். வியாழன் பார்வை வட்டத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஆடியது. கையை எடுத்துவிட்டு நான்கைந்து விநாடி காத்திருந்தால் ஆட்டம் நிற்கும். நின்ற பிறகு பார்த்தால் ஃபோகஸ் இன்னும் சரியாக அமையவில்லை என்று தெரியும். மறுபடி தொட வேண்டும், மறுபடி ஆடும். ஒரே மாதத்தில் அந்தக் குழல் பரணுக்குப் போனது, 'லென்ஸ் சரியில்லை' என்ற முடிவோடு. பல வருடம் கழித்து நண்பர் ஒருவரின் கனமான மவுண்டில், அதாவது குழலைத் தாங்கித் திருப்பும் அமைப்பில், அதே குழலைப் பூட்டிப் பார்த்தோம். வியாழனின் இரண்டு பட்டைகளும் பென்சிலால் கோடு இழுத்தது போல நின்றன. லென்ஸில் ஒரு குறையும் இல்லை. குறை முழுக்க முக்காலியில் இருந்திருக்கிறது. அதனால்தான் கீழே ஒவ்வொரு குழலைப் பற்றிச் சொல்லும்போதும், அது எதன் மேல் நிற்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

பெட்டியில் இருக்கும் இரண்டு எண்களில் முதல் எண் முகப்பு லென்ஸின் விட்டம், இரண்டாவது குவியத் தூரம். இரண்டுமே மி.மீ. கணக்கு.

விட்டம்தான் எவ்வளவு ஒளி உள்ளே வரும், எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துக் காட்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. இருட்டில் 7 மி.மீ. அளவுக்கு விரிந்த கண்மணியோடு ஒப்பிட்டால் 70 மி.மீ. லென்ஸ் 100 மடங்கு ஒளியைச் சேர்க்கிறது, 80 மி.மீ. லென்ஸ் சுமார் 130 மடங்கு. 70-க்கும் 80-க்கும் நடுவே வித்தியாசம் உண்டு, ஆனால் ஒரே இரவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் புரியும். இந்தப் பத்து மி.மீ.யை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

குவியத் தூரத்தை விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். 80/400 என்றால் எஃப்/5. 70/900 என்றால் ஏறத்தாழ எஃப்/13. நிறம், பார்வைப் பரப்பு, குழலின் நீளம் மூன்றையும் இந்த ஒரே எண் ஆள்கிறது.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு லென்ஸ் நீல ஒளியைச் சிவப்பு ஒளியைவிட அதிகமாக வளைக்கிறது. அதனால் எல்லா நிறமும் ஒரே புள்ளியில் குவிவதில்லை. இதுதான் நிறப்பிறழ்ச்சி. லென்ஸ் வழியாகப் பார்த்த 17-ஆம் நூற்றாண்டு வானியலாளர்கள் இதற்குச் செய்த வைத்தியம் குழலை நீட்டுவது. ஹெவேலியஸ் 46 மீட்டர் அளவுக்கு நீண்ட தொலைநோக்கியைக் கட்டினார். 1758-இல் ஜான் டொலண்டு காப்புரிமை பெற்ற அக்ரோமேட் முறையில் இரண்டு வகைக் கண்ணாடிகளைச் சேர்த்து இரண்டு நிறங்களை ஒரே இடத்தில் குவிய வைத்தார்கள். இன்று கடையில் கிடைக்கும் சாதாரண ரிஃப்ராக்டர் எல்லாம் அந்த வழி வந்தவைதான். அப்படியும் மிச்சமாகும் ஊதா நிறம், பிரகாசமான பொருள்களைச் சுற்றி ஒளிவட்டமாகத் தெரியும்.

எவ்வளவு தெரியும் என்பதை வாங்கும் முன்பே கணக்குப் போடலாம். விட்டத்தை அங்குலமாக்கிக் கொண்டு, எஃப் எண்ணை அதால் வகுங்கள். விடை 5-ஐ நெருங்கினால் நிறத்தொல்லை இல்லை என்றே சொல்லலாம். 3-க்கு மேல் இருந்தால் கண்டுகொள்ளாமல் பார்க்கலாம். 2-க்குக் கீழே போனால் நிலாவின் ஓரத்தில் ஊதா நூல் கட்டாயம் இருக்கும். கீழே இதை 'நிறக் குறியீடு' என்று குறிக்கிறேன்.

அடுத்தது பார்வைப் பரப்பு. 1.25 அங்குல ஐபீஸில் அதிகபட்சமாக எவ்வளவு வானம் ஒரே பார்வையில் அடங்கும் என்பதைக் குவியத் தூரம்தான் தீர்மானிக்கிறது. முழு நிலா அரை பாகை. கார்த்திகைக் கூட்டம் முழுதாக அடங்க இரண்டு பாகைக்குச் சற்று மேல் வேண்டும்.

கடைசியாக, நிலைப்பு. பூட்டி நிறுத்திய குழலை 100 மடங்கில் ஒரு விண்மீன் மேல் வைத்து, விரலால் லேசாகத் தட்டி எண்ணுங்கள். இரண்டு விநாடிக்குள் ஆட்டம் அடங்கினால் நல்ல மவுண்ட். ஐந்து விநாடி ஆனால் அதன் மேல் எந்த லென்ஸை வைத்தாலும் வீண். இந்தச் சோதனையைச் செய்து பார்க்காமல் கடையை விட்டு வெளியே வராதீர்கள். பகல் என்றால் தூரத்து மின்கம்பத்தின் முனை போதும்.

| | 70/900 | 80/400 | 102/660 | 102/1000 | 80/600 ஈ.டி. |
|---|---|---|---|---|---|
| எஃப் எண் | 12.9 | 5 | 6.5 | 9.8 | 7.5 |
| ஒளி (கண்ணைப் போல) | 100 மடங்கு | 131 மடங்கு | 212 மடங்கு | 212 மடங்கு | 131 மடங்கு |
| பிரிதிறன் (வில்விநாடி, அதாவது பாகையில் 3600-இல் ஒரு பங்கு; சின்ன எண் நல்லது) | 1.66 | 1.45 | 1.14 | 1.14 | 1.45 |
| நிறக் குறியீடு | 4.7 | 1.6 | 1.6 | 2.4 | பொருந்தாது |
| 32 மி.மீ. ஐபீஸில் பரப்பு | 1.7 பாகை | 3.9 பாகை | 2.3 பாகை | 1.5 பாகை | 2.6 பாகை |
| தாங்கும் உருப்பெருக்கம் | 140 | 80 வரை சுகம் | 100 வரை சுகம் | 200 | 160 |
| கேட்கும் மவுண்ட் | உறுதியானது | சின்னது போதும் | உறுதியானது | மிகக் கனமானது | நடுத்தரம் |

'சுகம்' என்று போட்டிருக்கும் இரண்டும் என் கண் சொல்வது. கணக்குப்படி 80 மி.மீ. லென்ஸ் 160 மடங்கு தாங்க வேண்டும். ஆனால் எஃப்/5 அக்ரோமேட்டில் அதற்கு வெகு முன்பே நிறம் விவரத்தைத் தின்றுவிடுகிறது.

## நீளமான 70: 70/900, 70/700

எளிமையான பெட்டியில் வருவதால் பலர் இதைக் குழந்தைகள் சாமான் என்று ஒதுக்குகிறார்கள். அது தவறு. நிறக் குறியீடு 4.7 என்பது கோள்களுக்கு மிக நல்ல எண். நிலாவின் ஓரம் சுத்தமாக இருக்கும். வியாழனின் இரண்டு பட்டைகளும் நான்கு நிலாக்களும் முதல் இரவே தெரியும். சனியின் வளையம் கோளிலிருந்து தனியாகப் பிரிந்து நிற்கும். பக்கத்திலேயே சனியின் நிலாவான டைட்டனும் புள்ளியாகத் தெரியும். ஹைகன்ஸ் 1655-இல் டைட்டனைக் கண்டுபிடித்த லென்ஸ் இதைவிடச் சின்னது, 57 மி.மீ. அளவுதான். வளையம் நன்றாகச் சாய்ந்திருக்கும் வருடங்களில், காற்று அடங்கிய இரவில், வளையத்தை இரண்டாகப் பிரிக்கும் காசினி இடைவெளி மெல்லிய கீறலாகத் தலைகாட்டும்.

இரட்டை விண்மீன்களுக்கும் இது நல்ல குழல். அருந்ததிக்குப் பக்கத்தில் நிற்கும் வசிட்டரே இரண்டு விண்மீன்கள். இடையில் 14 வில்விநாடி. புனர்பூசத்தின் காஸ்டர் 5 வில்விநாடிக்குச் சற்று மேல். இரண்டையும் 70/900 தடுமாறாமல் பிரிக்கும். நீளக் குழலில் இன்னொரு லாபமும் உண்டு. 129 மடங்கு வேண்டுமென்றால் 7 மி.மீ. ஐபீஸ் போதும். எஃப் எண் பெரிதாக இருப்பதால் சாதாரண ஐபீஸ்கூட இதில் ஓரம்வரை கூர்மையாகக் காட்டும்.

விளக்கு வெளிச்சம் நிறைந்த இடத்திலிருந்து பார்ப்பவருக்கும் இதுதான் பொருத்தம். தெருவிளக்கு நெபுலாவை (வானத்தில் மங்கலாகத் தெரியும் வாயு முகில்) அழித்துவிடும். நிலாவையும் சனியையும் இரட்டை விண்மீன்களையும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

குறை என்ன என்று கேட்டால் பதில் மறுபடியும் முக்காலிதான். கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளமுள்ள குழல், மெல்லிய அலுமினியக் கால்கள், நடுவே பிளாஸ்டிக் தட்டு. நீளமான குழல் நெம்புகோல் போல வேலை செய்வதால் நுனியில் படும் சின்னக் காற்றும் அடியில் பெரிய ஆட்டமாகிறது. உச்சிவானத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஐபீஸ் இடுப்புக்குக் கீழே இறங்கிவிடும், குழலின் அடிப்பக்கம் முக்காலிக் காலில் இடிக்கும். சில மாடல்களில் குழலைத் தள்ளிவிட்டுக் கையை எடுத்ததும் அது கொஞ்சம் பின்னால் வந்து நிற்கும்; பிடித்த கோள் பார்வையை விட்டு நழுவிவிடும். மெதுவாகத் திருப்பும் திருகுகள் இருபக்கமும் உள்ள மவுண்டோடு கிடைத்தால் அதற்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். 70/700 கிடைத்தால் இன்னும் நல்லது: நிறக் குறியீடு 3.6, குழல் ஒரு சாண் குறைவு, ஆட்டமும் குறைவு. இரண்டும் ஒரே முக்காலியில் வந்தால் நான் 70/700-ஐத்தான் எடுப்பேன்.

## குட்டையான 80: 80/400

இதன் அழகு வேறு. 32 மி.மீ. ஐபீஸைப் போட்டால் 12.5 மடங்குதான், ஆனால் நான்கு பாகை வானம் ஒரே பார்வையில் விரியும். கார்த்திகைக் கூட்டம் முழுதாக, சுற்றிலும் இருட்டு வெளியோடு, கறுப்புத் துணியில் சிந்திய உப்புக்கல் போல நிற்கும். ஆண்ட்ரோமெடா விண்மீன் திரள் அதன் மூன்று பாகை நீளத்தோடும் அடங்கும். தேளின் வாலுக்கு மேலே பால்வீதியில் மெதுவாக நகர்த்திக்கொண்டே போனால் ஒவ்வொரு அசைவிலும் ஒரு கொத்தோ ஒரு மங்கல் முகிலோ வந்து போகும். இதை 70/900-இல் செய்ய முடியாது, அதன் 1.7 பாகைக்குள் கார்த்திகைகூட முழுதாக அடங்காது.

அப்புறம் தூக்கிக்கொண்டு போகும் வசதி. குழல் பைக்குள் அடங்கும். நல்ல கேமரா முக்காலி ஏற்கெனவே இருந்தால் அதன் மேலேயே பூட்டலாம். இருட்டான ஊர்ப்புறத்துக்கு அடிக்கடி போகிறவர், பகலில் பறவை பார்க்கிறவர், இவர்களுக்கு 80/400 நல்ல துணை.

ஆனால் இதை வியாழன் பக்கம் திருப்பினால் ஊதா வட்டம் வரும். வெள்ளிக்கோளில் இன்னும் மோசம். 100 மடங்கு வேண்டுமென்றால் 4 மி.மீ. ஐபீஸ் தேடிப் போட வேண்டும். போட்டாலும் படம் வெண்ணெய் தடவியது போலத்தான் இருக்கும். 'பெரிய லென்ஸ்' என்று நினைத்து இதை வாங்கிச் சனியைப் பார்த்து மனமுடைந்தவர்கள் நிறையப் பேர். குழலின் தப்பில்லை. அது செய்யாத வேலையை அதனிடம் கேட்டுவிட்டார்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். கெட்டி அட்டையில் லென்ஸ் மூடிபோல ஒரு வட்டம் வெட்டி, அதன் நடுவே 50 மி.மீ. துளை போட்டு முகப்பில் மாட்டுங்கள். இப்போது அது 50/400, எஃப்/8. நிறக் குறியீடு 1.6-லிருந்து 4-க்கு ஏறிவிடும். ஒளி பாதிக்கும் கீழே குறையும், ஆனால் நிலாவுக்கும் வியாழனுக்கும் ஒளி மிச்சம்தான். ஊதா மறைந்து ஓரங்கள் கூர்மையாவதை உடனே பார்க்கலாம். சில குழல்களின் மூடியிலேயே சின்ன உள்மூடி ஒன்று இருக்கும். அதை மட்டும் கழற்றினாலும் இதே மாதிரிதான், துளை இன்னும் சிறியது.

இந்த வகையோடு பெரும்பாலும் 45 பாகை நேர்ப்பட டயாகனல் (ஐபீஸுக்கு முன்னால் ஒளியைத் திருப்பும் துண்டு) வரும். பறவைக்கு நல்லது. வானத்துக்கு வேண்டாம்: பிரகாசமான விண்மீனின் குறுக்கே ஒரு ஒளிக்கோடு விழும், உயரமான விண்மீனைப் பார்க்கக் கழுத்து வலிக்கும். 90 பாகை டயாகனல் ஒன்று தனியாக வாங்க வேண்டிவரும்.

## பெரிய 102: 102/660, 102/1000

70-லிருந்து 102-க்குப் போவது நிஜமான பாய்ச்சல். ஒளி இரண்டு மடங்குக்கு மேல். கோளக் கொத்துகள் (உருண்டையாக நெருங்கிக் கிடக்கும் விண்மீன் கூட்டங்கள்) பஞ்சு உருண்டையாக இல்லாமல் ஓரத்தில் மணல்மணியாகப் பிரியத் தொடங்கும். ஓரியன் நெபுலாவின் சிறகுகள் விரியும்.

இதில் குட்டையான 102/660-ன் நிறக் குறியீட்டைப் பாருங்கள்: 1.6. எஃப் எண் பெரிதாக இருந்தும், விட்டமும் கூடியதால் 80/400-ன் அதே எண்ணுக்கு வந்துவிட்டது. எஃப்/6.5 என்பதை மட்டும் பார்த்து 'இதில் நிறம் குறைவு' என்று நினைத்துவிடக் கூடாது. இருட்டு வானத்தில் நெபுலா, கொத்து, திரள் பார்க்கத்தான் இது.

102/1000 கோள்களுக்கு நல்லது. நிலாவின் பள்ளங்களுக்குள் இருக்கும் சின்னப் பள்ளங்கள்வரை காட்டும். ஆனால் இதைத் தினம் வெளியே தூக்கி வைத்துப் பூட்டி இறக்குவதை நினைத்துப் பாருங்கள். குழல் ஒரு கை, மவுண்ட் ஒரு கை, குழலைச் சமன்செய்யும் எடைக்கல் இன்னொரு நடை. வீட்டிலேயே திறந்த வெளி இருந்து, மவுண்டை அங்கேயே விட்டு வைக்க முடியுமென்றால் எடுங்கள். மாடி ஏறி இறங்க வேண்டியவர் யோசியுங்கள். இதைச் சின்ன மவுண்டோடு சேர்த்து விற்கும் செட்டுகளைத் தவிர்த்துவிடுங்கள். என் 60/700-க்கு நடந்ததே இதற்கும் நடக்கும், இன்னும் பெரிய செலவில்.

இந்த அளவுக்கு வந்தவரிடம் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வெறும் ஒளிதான் வேண்டுமென்றால் 130 மி.மீ. ஆடித் தொலைநோக்கி, மேசை மேல் வைக்கும் டாப்சோனியன் வகை, 102 ரிஃப்ராக்டரைவிட நல்ல முடிவு. கண்ணாடி ஆடியில் நிறப்பிறழ்ச்சியே கிடையாது. அவ்வப்போது ஆடிகளை நேர்ப்படுத்த வேண்டும், அவ்வளவுதான். ரிஃப்ராக்டரின் பெருமை அந்த வேலை இல்லாமலே எடுத்தவுடன் பார்க்கலாம் என்பதில்தான் இருக்கிறது. தூக்க முடியாத ரிஃப்ராக்டரில் அந்தப் பெருமை போய்விடுகிறது.

## ஈ.டி. கண்ணாடி: 72/420, 80/600

ஈ.டி. என்பது ஒளியை நிறம் நிறமாகச் சிதறவிடாத கண்ணாடி. எவ்வளவு சிதறும் என்பதை ஆபே எண் சொல்லும். எண் பெரிதானால் சிதறல் குறைவு. சாதாரண பிகே7 கண்ணாடிக்கு 64. ஓஹாரா நிறுவனத்தின் எஃப்.பி.எல்-51-க்கு 81.6. எஃப்.பி.எல்-53-க்கு ஏறத்தாழ 95. இது இயற்கையான ஃபுளோரைட்டுக்குச் சமம். அதனால் 'ஈ.டி.' என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, எந்த ஈ.டி. என்று கேளுங்கள். அதோடு எஃப் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். எஃப்/7.5-இல் எஃப்.பி.எல்-53 போட்ட ஸ்கை-வாச்சர் எவோஸ்டார் 80 ஈ.டி. போன்ற குழலில் கண்ணுக்கு நிறமே தெரியாது. எஃப்/6 பக்கம் எஃப்.பி.எல்-51 போட்ட குழலில் அதிக உருப்பெருக்கத்தில் லேசான சாயல் தெரியலாம், தொந்தரவாக இருக்காது.

80/600 ஈ.டி. ஒன்றை உறுதியான மவுண்டில் வைத்து, 120 மடங்கில் ஒரு பிரகாசமான விண்மீனைப் பார்த்தவர்கள் அதை மறப்பதில்லை. நடுவில் ஊசிமுனைத் தட்டு, அதைச் சுற்றி ஒரே ஒரு மெல்லிய வளையம், அதற்கு வெளியே கறுப்பு. ஊதாப் புகை இல்லை, முள் முள்ளான கதிர் இல்லை. ஐபீஸை மட்டும் மாற்றினால் 2.6 பாகையில் கார்த்திகையும் முழுதாகத் தெரியும், 150 மடங்கில் சனியும் கூர்மையாகத் தெரியும். நீளமான 70 செய்வதையும் குட்டையான 80 செய்வதில் பெரும்பகுதியையும் ஒரே குழல் செய்கிறது. ஃபோகசரும் பெரும்பாலும் இரட்டை வேகத் திருகு. சின்னத் திருகைச் சுற்றினால் பத்தில் ஒரு பங்குதான் நகரும், படம் ஆடாது.

இது தராத ஒன்றும் உண்டு: ஒளி. 80 ஈ.டி.யில் தெரியும் மங்கலான திரள் 80 அக்ரோமேட்டிலும் தெரியும். 'விலை கூடியது, அதனால் ஆழமாகப் பார்க்கும்' என்ற எதிர்பார்ப்போடு வாங்கினால் ஏமாற்றமாகும்.

மறைந்திருக்கும் செலவும் இங்கேதான் அதிகம். ஈ.டி. பெரும்பாலும் வெறும் குழலாகத்தான் வரும். டயாகனல், ஐபீஸ், மவுண்ட், முக்காலி எல்லாம் தனி. புகைப்பட ஆசை இருந்தால் ஓரம்வரை விண்மீன்களைப் புள்ளியாக வைக்கத் தட்டையாக்கும் லென்ஸ் ஒன்று, அப்புறம் வானத்தைப் பின்தொடரும் மோட்டார் மவுண்ட். 600 மி.மீ. குவியத் தூரத்தில் மோட்டார் இல்லாமல் ஒரு விநாடிக்கு மேல் எக்ஸ்போஷர் வைத்தால் விண்மீன்கள் கோடாகிவிடும். புகைப்படத்துக்கு ஏற்ற மவுண்ட் பல நேரம் குழலைவிட விலை கூடியது. அதைத் தாங்க முடியாதென்றால் நிலாவைக் கைபேசியில் பிடிப்பதோடு நிறுத்திக்கொண்டு, கண்ணால் பார்ப்பதற்காகவே வாங்குங்கள். அதற்கே இந்தக் குழல் தகும்.

## ஐபீஸே இல்லாத சின்ன ரிஃப்ராக்டர்

2023-இல் வந்த சீஸ்டார் எஸ்50 போன்ற கருவிகளும் ரிஃப்ராக்டர்தான்: 50 மி.மீ. லென்ஸ், 250 மி.மீ. குவியத் தூரம், உள்ளே சென்சார், மோட்டார். கைபேசியில் தொட்டால் தானே தேடிப் பிடித்துப் படங்களை அடுக்கிக் காட்டும். விளக்கு வெளிச்சத்தின் நடுவிலும் நெபுலாவின் நிறத்தைக் காட்டுவது இதுதான். கோள்களுக்கு உதவாது, அந்தக் குவியத் தூரத்தில் வியாழன் ஒரு பொட்டு. கண்ணை வைத்துப் பார்க்கும் அனுபவமும் இல்லை. குளிரிலும் இருட்டிலும் நிற்க முடியாத வீட்டுப் பெரியவர்களோடு சேர்ந்து பார்க்க நல்லது.

## பெட்டிக்கு வெளியே ஆகும் செலவு

எந்தக் குழலை எடுத்தாலும் கையிலிருக்கும் பணத்தில் பாதிவரை மவுண்டுக்கும் மற்றவற்றுக்கும் ஒதுக்குங்கள். கூடவே வரும் 4 மி.மீ. ஐபீஸும் 3 மடங்கு பார்லோவும் எடுத்து வைத்துவிட வேண்டியவை. 25 அல்லது 32 மி.மீ. ஒன்று, 10 மி.மீ. ஒன்று, கோள்களுக்கு 5 முதல் 7 மி.மீ.க்குள் ஒன்று என மூன்று நல்ல ஐபீஸ் பல வருடங்களுக்குப் போதும். அடுத்த டெலஸ்கோப்புக்கும் அவை வரும். ஐபீஸ் துளை 1.25 அங்குலமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பழைய 0.965 அங்குல அளவென்றால் நல்ல ஐபீஸ் கிடைப்பது கஷ்டம்.

மெதுநகர்வுத் திருகு இல்லாத மவுண்டை 'மலிவு' என்று எண்ண வேண்டாம். 100 மடங்கில் சாதாரண ஐபீஸில் அரை பாகை வானம்தான் தெரியும். பூமி சுழல்வதால் ஒரு கோள் அந்த அரை பாகையை இரண்டே நிமிடத்தில் கடந்துவிடும். பார்க்க வரிசையில் நிற்கும் இரண்டாவது ஆள் கண்ணை வைப்பதற்குள் சனி போய்விட்டிருக்கும்.

ஈரக்காற்று இரவுகளில் முகப்பு லென்ஸில் பனி படரும். கறுப்புத் தாளைச் சுருட்டி முகப்பில் நீட்டி மாட்டினாலே பாதித் தொல்லை போகும். ஈரத்தோடு மூடி வைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். உள்ளே கொண்டுவந்து காய்ந்த பிறகுதான் மூட வேண்டும்.

சூரியனைப் பார்க்க ஆசை இருந்தால் முகப்பு முழுவதையும் மூடும் சூரிய வடிகட்டித் தாள் வாங்குங்கள். ஐபீஸில் திருகும் கறுப்புக் கண்ணாடி வடிகட்டி சில பெட்டிகளில் வரும். அதைத் தூக்கி எறியுங்கள்; குவிந்த வெயிலில் அது விரிசல் விட்டால் ஒரு நொடியில் கண் போய்விடும். டெலஸ்கோப்பின் மேல் பூட்டியிருக்கும் சின்னத் தேடு குழலையும் மூடி வைக்க மறக்காதீர்கள்.

## யாருக்கு எது

வெளிச்சமான இடம், நிலாவும் கோள்களும் முதல் ஆசை, செலவு குறைவாக இருக்க வேண்டும்: 70/700 அல்லது 70/900, ஆனால் தட்டிப் பார்த்து அடங்கும் முக்காலியோடு.

இருட்டான இடத்துக்குப் போய் வருகிறவர், பையில் அடங்க வேண்டும், கோள்கள் இரண்டாம் பட்சம்: 80/400.

நிலையாக வைக்க இடமும், கனமான மவுண்டுக்குப் பணமும் இருப்பவர்: 102/1000. 102/660-ஐ நான் யாருக்கும் முதலில் சொல்வதில்லை. அதே பணத்தில் 130 மி.மீ. ஆடி கிடைக்கும்.

இந்த ஆசை சில மாதங்களில் போய்விடாது என்று உறுதியாகத் தெரிந்தவர்: 80 ஈ.டி.க்காகக் காத்திருக்கலாம். காத்திருக்கும் மாதங்களில் ஒரு பைனாகுலரை வைத்து வானத்தைப் பழகுங்கள். பணம் குறைந்தால் குழலில் 72-க்கு இறங்குங்கள், மவுண்டில் இறங்காதீர்கள்.

பழையது வாங்குகிறவர் ஒரு டார்ச்சைக் கொண்டு போங்கள். முகப்பு லென்ஸ் வழியாக வெளிச்சம் விட்டு, உள்ளே சிலந்திவலை போல இழைகள் தெரிகின்றனவா என்று பாருங்கள், அது பூஞ்சை. அப்புறம் தூரத்துப் பொருளுக்கு ஃபோகஸ் செய்துவிட்டு, ஐபீஸ் பக்கம் டார்ச்சைப் பிடித்து, முகப்பிலிருந்து சுவரில் விழும் வெளிச்ச வட்டத்தை அளவுகோலால் அளங்கள். 70 என்று எழுதியிருக்கும் குழலில் வட்டம் 50 மி.மீ. வந்தால், குறையை மறைக்க உள்ளே ஒரு தடுப்பு வளையம் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஆடும் முக்காலியோடு ஒன்று ஏற்கெனவே வீட்டில் கிடந்தால், புதிதாக எதுவும் வாங்கும் முன் ஓர் இரவு இப்படிச் செய்து பாருங்கள். முக்காலியின் கால்களை முழுக்க உள்ளே தள்ளிக் குட்டையாக்குங்கள். எல்லாத் திருகுகளையும் இறுக்குங்கள். நடுத் தட்டிலிருந்து நான்கைந்து லிட்டர் தண்ணீர்க் கேனைத் தொங்கவிடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, 25 மி.மீ. ஐபீஸில் நிலாவைப் பிடித்து, ஃபோகஸ் திருகை இரண்டு விரலால் மட்டும் தொடுங்கள்.